மாமா சுற்றிக் காட்டிய நோர்வே

ஐம்பதைத் தாண்டிய என் வயதுக்காரர்களுக்கு இது விளங்கும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு, எங்களை எங்காவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டும் என்று அவர்களுக்கு ஓர் ஆசை வந்துவிடுகிறது. போன கிழமை மெல்பேர்னில், கிரான்பர்னில் மகள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நோர்வேயின் மேற்குக் கரை, குழந்தைகளோடு போகக்கூடிய இடங்கள். பின்பக்கமாக நடந்து போகக்கூடிய அருவி, மலையில் செங்குத்தாக ஏறும் ரயில், ஆடுகளைத் தடவிப் பார்க்கக்கூடிய பண்ணை, சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பூங்கா. உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும் என்று இங்கிலிஷில் சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, அதெல்லாம் நான் பார்த்தாகிவிட்டது என்றேன்.

அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? என் அம்மா வயிற்று வருத்தத்தில் செத்தார் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் நாங்கள் போன சுற்றுலாவைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அவளுக்கு அதை எந்த மொழியில் சொல்வது என்பதே எனக்குச் சிக்கல். உங்களுக்குச் சொல்லலாம். உங்கள் வீடுகளிலும் இப்படிப் பேசாமல் இருந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. நான் யாருடைய வீட்டில் வளரப்போகிறேன் என்பது அந்தக் கோடையில் முடிவாகியிருக்க வேண்டும். அதை முடிவு செய்யவேண்டிய அம்மா, அப்பா, மாமா, மாமி நான்கு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே காரில் போனார்கள், ஒரே பிளாஸ்டிக் ரப்பாவில் இருந்த புட்டைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். நான்கு பேருக்கும் விசயம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, இனி ஆறும் என்ற எண்ணமும் இல்லை.

நாங்கள் அப்போது ஸ்பிரிங்வேலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். அப்பாவுக்கு டன்டினோங்கில் கார் இருக்கைகள் தைக்கிற தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்தால் மத்தியானச் சாப்பாடு, பிறகு நித்திரை. அதற்கு மேல் எங்கேயும் போகிற மனிதர் இல்லை. பிலிப் ஐலண்டில் மாலையானால் பென்குவின்கள் கடலில் இருந்து வரிசையாகக் கரையேறி வரும், அதை வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நானும் அம்மாவும் கேட்டுக் கேட்டுக் களைத்தோம். கடற்பறவைகள் நிறைந்த மன்னாரில் பிறந்தவளுக்குப் பறவை காட்ட வேணுமோ என்று அப்பா அம்மாவைப் பகிடி பண்ணுவார். அதோடு கதை முடிந்துவிடும்.

அந்த வருசம் தவசுகாலத்தில் அம்மாவுக்கு வயிற்று நோ தொடங்கியது. ஒருசந்தி என்று ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு இருந்ததால் வந்தது என்று முதலில் நினைத்தார்கள். ஈஸ்டருக்குப் பிறகும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்மாவுக்கு இங்கிலிஷ் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் தெரியும். டொக்டர் சொல்வதை அப்பாதான் தமிழில் சொல்லவேண்டும். மொழிபெயர்க்க ஆள் கேட்கலாம் என்பது எங்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அப்பா கேட்டிருக்கமாட்டார். என்னை வெளியே நீளமான நடையில் ஒரு கதிரையில் இருத்திவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது அப்பா சிரித்த முகமாக இருந்தார். வயிற்றில் புண், குளிசை போட்டால் மாறிவிடும் என்றார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தச் சிரிப்புப் பிடித்திருந்தது என்பதுதான் கொடுமை.

வருத்தக்காரருக்கு வருத்தத்தைச் சொல்லக்கூடாது. இது எங்கள் ஆட்களுக்கு எழுதாத சட்டம். சொன்னால் மனம் விட்டுவிடும், மனம் விட்டால் ஆள் போய்விடும். டொக்டர் சொன்ன நோயைவிட அந்த நோயின் பெயருக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். அப்பா தன்னுடைய அக்காவுக்குச் சொன்னார், பங்குச் சுவாமிக்குச் சொன்னார், நோர்வேயில் இருந்த மாமாவுக்கு ரெலிபோனில் சொன்னார். மூன்றாம் மாடியில் இருந்த வியட்நாமிய அன்ரிக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவர் அம்மாவுக்கு ஒருநாள் ஒரு பெரிய பை நிறைய மாம்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவடியில் நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். இத்தனை பேருக்குச் சொன்ன மனிதர் அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் அப்பா வேலையால் வந்து, நாங்கள் மூன்று பேரும் ஸ்கூல் லீவுக்கு நோர்வே போகிறோம் என்றார். அங்கே அப்போது கோடை, பார்க்க எவ்வளவோ இடம் இருக்கிறது, மாமா கார் வைத்திருக்கிறார் என்றார். அம்மா அப்போது அடுப்படியில் நின்றார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு, அப்ப மிளகாய்த்தூள் இடிக்க வேணும் என்று மட்டும் சொன்னார்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன். கப்பலில் வேலைக்குப் போய், நோர்வேயில் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டவர். கடல் மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்து கிடக்கும் இடத்தில், ஃபியோர்ட் என்பார்கள், அதன் ஓரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் சால்மன் மீனைக் கூறு போடுகிற வேலை. மன்னாரில் மீன் பிடித்தவனை நோர்வேக்காரன் மீன் வெட்ட வைத்திருக்கிறான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வெள்ளைக்காரர் எறிகிற மீன்தலைகளைப் பையில் கட்டிக்கொண்டு வருவார். அந்தத் தலைகளை மாமி புளி விட்டுக் காய்ச்சினால் அந்த வீதி முழுக்க மணக்கும். மாமிக்கு ஊர் யாழ்ப்பாணம். அதிகம் பேசமாட்டார். அங்கே வயோதிபர் இல்லத்தின் குசினியில் சமையல் வேலை செய்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நாங்கள் போய் இறங்கிய அன்று மாமி எனக்கு ஒரு அறையைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர், அதற்கு அங்கால் மலை, மலையின் உச்சியில் ஆடி மாதத்திலும் பனி. அறையில் புதுப் பெயின்ற் மணத்தது. வெள்ளை மரத்தில் ஒரு சின்னக் கட்டில், மஞ்சள் போர்வை, எழுதுவதற்கு ஒரு சின்ன மேசை, அதற்கு ஏற்ற உயரத்தில் ஒரு கதிரை. விருந்துக்கு வந்த பிள்ளைக்கு யாராவது எழுதுமேசை வாங்குவார்களா? எனக்கு அப்போது அது விளங்கவில்லை. அது எனக்காகவே செய்த அறை, நான் வளர்வதற்காகச் செய்த அறை என்பது வளர்ந்து பிள்ளை பெற்ற பிறகுதான் மண்டையில் உறைத்தது. அம்மாவுக்கு அன்றைக்கே விளங்கியிருக்கும். அவர் அந்த மேசையைக் கையால் தடவிப் பார்த்ததை நான் கண்டேன். மாமியின் முகத்தைப் பார்த்தார். மாமி ஜன்னல் திரையைச் சரிசெய்தார்.

அடுத்த நாளே சுற்றுலா தொடங்கியது.

மாமா தன்னுடைய முழு லீவையும் எடுத்திருந்தார். இத்தனை வருசம் அந்த ஊரில் இருந்தவர் ஒரு இடத்தையும் பார்த்ததில்லை. தொழிற்சாலை, வீடு, தொழிற்சாலை என்று இருந்த ஆள். தங்கச்சிக்குச் சுற்றிக் காட்டவேண்டும் என்று வந்ததும், வேலைத்தலத்து வெள்ளைக்காரர்களிடம் விசாரித்து, எங்கே என்ன இருக்கிறது, எங்கே கார் நிறுத்தலாம், எங்கே குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று எல்லாம் கேட்டு வைத்திருந்தார். தங்கச்சிக்குக் கடைசியாக எல்லாம் காட்டிவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். பாவம், வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

காலையில் மாமி புட்டு அவித்து ஐஸ்கிரீம் ரப்பாக்களில் அடைப்பார். பிளாஸ்கில் சொதி. சம்பல் தனியாக. அம்மா கம்பளிக் கால்சட்டை போட்டு, அதற்கு மேலே சேலை கட்டி, மாமாவின் மழைச்சட்டையைப் போட்டுக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தொப்பி. மழைச்சட்டைக்குள் அம்மா எவ்வளவு மெலிந்திருந்தார் என்பது வெளியே தெரியாது. அதற்காகத்தான் வெயிலிலும் அதைக் கழற்றவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் அருவி. தண்ணீர் மேலிருந்து விழும், பாறையை ஒட்டிக் குடைந்த பாதையில் அதற்குப் பின்னால் நடக்கலாம். உள்ளே நின்றால் முன்னால் தண்ணீர் திரைபோல விழும், முகமெல்லாம் தூவானம். எனக்கு அங்கிருந்து வரவே மனமில்லை. அம்மா பாதையின் தொடக்கத்தில் பிடித்த கம்பியை விடாமல் கடைசிவரை வந்தார். மாமா ஐந்தாறு படம் எடுத்தார். எல்லாப் படத்திலும் அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார், எல்லாப் படத்திலும் ஒரு கையால் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு ஆட்டுப் பண்ணை. அங்கே மண்ணிறத்தில் இனிப்பான ஒரு சீஸ் தந்தார்கள். அப்பா வாயில் வைத்துவிட்டு, தொதல் இனிப்பில் உப்புப் போட்டதுபோல இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். எல்லாரும் சிரித்தோம். அம்மா அதை விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துப்பினார். அவர் இரண்டு நாளாக எதையும் விழுங்கவில்லை என்று மாமிக்குத் தெரியும். மாமி அந்தக் கைக்குட்டையை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, ஆட்டுக்குட்டியைப் பாருங்கோ மச்சாள் என்றார்.

பேர்கன் நகரத்தில் மலையேறும் ரயில். மீன்காட்சிச்சாலையில் கடல்நாய்களுக்குச் சாப்பாடு போடுகிற நேரம். இன்னொரு நாள் நான்கு மணித்தியாலம் காரில் போய்ப் பனிமலை. அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு பனியில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பனியைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா காருக்குள் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு இருந்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. செபமாலை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் செர்ரி விற்றார்கள். ஒரு மேசை, மேசையில் பழப்பெட்டிகள், விற்க ஆள் கிடையாது, எடுத்துக்கொண்டு டப்பாவில் காசு போடவேண்டும். இப்படி ஒரு நாடு இருக்கலாமா என்று அப்பா ஒவ்வொரு மேசையடியிலும் அதிசயப்பட்டார். அந்தச் செர்ரியின் கறை படிந்த என் வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது. பிறகு நான் சிட்னியில் வெஸ்ட்மீட்டுக்குப் போனபோது எங்கேயோ தொலைந்துவிட்டது.

அம்மா முயற்சி செய்யாமல் இல்லை. காலையில் மாமா கார்ச் சாவியை எடுக்கும்போது, "அண்ணா, இண்டைக்கு வீட்டில இருப்பமே? இருந்து கதைப்பம்" என்பார். மாமா, இண்டைக்கு வெயில் எறிக்குது தங்கச்சி, இந்த நாட்டில வெயிலை வீணாக்கக்கூடாது என்பார். அந்த ஊர்ச் சனத்தின் நம்பிக்கை அது, மாமாவும் அதைப் பிடித்துக்கொண்டார். மழை பெய்த நாளில் அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மழைக்கென்றே மாமா மீன்காட்சிச்சாலையை ஒதுக்கி வைத்திருந்தார்.

வீட்டில் இருந்தால் என்ன கதைக்க வேண்டிவரும் என்று மாமாவுக்குப் பயம். அவர் கதைக்கத் தெரியாதவர் இல்லை. கதைத்தால் அழுதுவிடுவார், அழுதால் தங்கச்சிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தார். அப்பா ரெலிபோனில் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதனால் நாங்கள் ஒவ்வொரு நாளும் எதையாவது பார்த்தோம்.

ஒருநாள் பழைய மரத் தேவாலயம் ஒன்றைப் பார்க்கப் போனோம். கறுத்த மரம், கூரையில் நாகங்களைப்போலத் தலைநீட்டிக்கொண்டு ஏதோ மிருகங்கள், உள்ளே தார் மணம். அது எங்களுடைய கத்தோலிக்கக் கோவில் இல்லை, இப்போது பூசைகூட இல்லை, பார்வையாளருக்கு மட்டும்தான் என்று மாமா சொன்னார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. நடுவில் போய் முழங்காலில் நின்றார். கமெராக்களோடு வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வழிகாட்டிப் பெண் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மாமா ஓடிப்போய் அம்மாவுக்குப் பக்கத்தில் தானும் முழங்காலில் நின்றார். அண்ணனும் தங்கச்சியும் அவ்வளவு கிட்ட இருந்த வேறு சந்தர்ப்பம் அந்தப் பயணத்தில் வரவில்லை. அம்மா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு செபம் செய்தார். எதற்கு அவ்வளவு இறுக்கி மூடினாரோ தெரியாது. அம்மா எழும்பி வெளியே வந்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஃபியோர்டைக் கடக்கப் படகு எடுக்கவேண்டும், காரோடு ஏறுகிற பெரிய படகு. மற்றவர்கள் கோப்பி வாங்கக் கீழே போனார்கள். அம்மாவும் நானும் மேல்தட்டில் ஒரு மர வாங்கில் இருந்தோம். தண்ணீர் கரும்பச்சையாகக் கிடந்தது. அம்மா என் தலைமயிரைக் கோதிக்கொண்டே, "பிள்ளைக்கு மாமியைப் பிடிக்குமோ?" என்று கேட்டார்.

பிடிக்கும் என்றேன்.

"மாமியோட இருப்பியோ?"

ஓம் என்றேன். லீவு முடியும்வரை என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் லீவு முடிந்த பிறகும் இருப்பேனா என்று கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த மேசை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அம்மா யாரோ பெரிய ஆளோடு கதைப்பதுபோல என்னோடு கதைத்தார். "டொக்டர் அவ்வளவு நேரம் கதைச்சவர். அப்பா ரெண்டு சொல்லில சொல்லி முடிச்சிட்டார். மிச்சத்தை எங்க வச்சிருக்கிறார் எண்டு நான் கேக்கேல்லை. பென்குவின் பாக்கக் கூட்டிக்கொண்டு போகாத மனிசன் நோர்வேக்குக் கூட்டிக்கொண்டு வாறார் எண்டா எனக்கு விளங்காதோ?"

எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியாமல் வந்தது. அப்பாவிடம் சொல்லக்கூடாது என்றார், அவர் பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறார் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "உன்னை அண்ணா கேக்கோணும். பிள்ளையைத் தாங்கோ எண்டு அவை வாயால கேக்கோணும். நானாப் போய் வச்சிருங்கோ எண்டு சொல்லேலாது. அது பிள்ளையைத் தள்ளிவிடுற மாதிரி. பிறகு உனக்குத்தான் அந்த வீட்டில மதிப்பிருக்காது."

எங்கள் ஆட்களில் அது அப்படித்தான். பெண்ணை, பிள்ளையை, எதை என்றாலும் வேண்டுகிற பக்கம்தான் வந்து கேட்கவேண்டும். கொடுக்கிற பக்கம் போய்க் கேட்டால் அந்தப் பொருளுக்கே விலை இல்லை. அம்மா அந்த மரியாதையை எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மாமாவும் மாமியும் கேட்க ஏங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் எப்படிக் கேட்பது? சுகமாக இருக்கிற தாயிடம் போய் உன் பிள்ளையைத் தா என்று யாராவது கேட்பார்களா? கேட்டால், நீ சாகப்போகிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்னமாதிரி. அம்மா கேட்டால் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும், அப்பாவின் நாடகம் குலையும். இரண்டு பக்கமும் நல்லவர்கள். நல்லவர்களாக இருந்து என்னைக் கெடுத்தார்கள்.

கடைசி நாள் அம்மா காலையில் படுக்கையை விட்டு எழும்பவில்லை. தலையிடி, இன்றைக்கு ஏலாது, நீங்கள் போட்டு வாங்கோ என்றார். அண்ணன் தன்னைத் தனியே விட்டுவிட்டுப் போகமாட்டார் என்று அவருக்குத் தெரியும். அப்படியே நடந்தது. மாமா கார்ச் சாவியை மேசையில் வைத்தார். மாமி தேத்தண்ணீர் போட்டார். அம்மா எழும்பி வந்து குசினியில் மாமாவுக்கு எதிரே இருந்தார். நான் கதவடியில் நின்று பார்த்தேன். நால்வரில் அப்பா மட்டும் அங்கே இல்லை, வெளியே கார் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமா கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாமி அவருக்குப் பின்னால் நின்று, அவருடைய தோளில் ஒரு விரலால் தொட்டார். இப்போது கேள் என்று சொல்வதற்கு அதைவிட வேறு வழி மாமிக்குத் தெரியாது. மாமா நிமிர்ந்தார்.

"தங்கச்சி" என்றார்.

அம்மா, "சொல்லுங்கோ அண்ணா" என்றார்.

மாமாவின் கண் நிறைந்துவிட்டது. வாய் கோணியது. அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். மாமாவின் முகத்தைக் கண்டார், கண்டதும் பதறிவிட்டார். எல்லாம் இப்போது உடையப்போகிறது என்று நினைத்திருப்பார். கையைத் தட்டினார். வெயில் வந்துவிட்டது, கடைசி நாளில் வீட்டில் குந்துவதா, பிள்ளைக்கு அந்த விளையாட்டுப் பூங்காவைக் காட்டாமல் போவதா, எழும்புங்கோ எழும்புங்கோ என்றார். நான் பூங்காவைக் கேட்கவே இல்லை. அப்பா என்னைச் சாட்டினார். பெரியவர்களுக்கு ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டுமென்றால் பிள்ளைகள்தான் கிடைக்கிறார்கள்.

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழும்பினார். அவருக்கு விடுதலை கிடைத்ததுபோல இருந்தது. அம்மா அந்தக் கதிரையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மழைச்சட்டையைக் கொண்டுவரச் சொன்னார்.

அந்தப் பூங்காவில் பெரிய மூக்கும் வாலும் உள்ள பூதப் பொம்மைகள் நின்றன. வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவற்றின் மூக்கில் தொங்கினார்கள். தண்ணீரில் சறுக்குகிற விளையாட்டு, கயிற்றுப் பாலம், ஊஞ்சல். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அம்மாவால் ஏறி இருக்கக்கூடியதாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சின்னப் பிள்ளைகளுக்கான குட்டி ரயில். ஒரு குளத்தைச் சுற்றிப் போகும். அப்பா அம்மாவையும் என்னையும் அதில் ஏற்றினார். அம்மாவின் முழங்கால்கள் நாடிவரை வந்தன. மணி அடித்து ரயில் வெளிக்கிட்டது. ஒவ்வொரு சுற்றும் மற்ற மூவரும் நின்ற இடத்தைக் கடக்கும். ஒவ்வொரு முறையும் அவர்கள் கையை அசைத்தார்கள். அம்மாவும் கையை அசைத்தார். மாமா கமெராவை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார், பிலிம் முடிந்த பிறகும் அதைக் கீழே இறக்கவில்லை.

அம்மா என் காதில், "காணும், போதும், இறங்குவம்" என்றார். ரயில் நிற்கும்வரை இறங்க முடியாது என்றேன். சரி என்றார்.

மெல்பேர்னுக்குத் திரும்பிக் கிறிஸ்மஸுக்கு முன்னரே அம்மா போய்விட்டார். கடைசிக் கிழமையில்கூட அப்பா புண் ஆறிக்கொண்டு வருகிறது என்றுதான் சொன்னார், அம்மா ஓம் ஓம் என்றுதான் கேட்டார். ஆஸ்பத்திரியில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அப்பா நோர்வேப் படங்களைக் காட்டினார். இது அருவி, இது ஆடு, இது பனிமலை. தன் பெண்சாதியை நல்ல ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன் என்ற திருப்தியோடு அவர் சாகும்வரை இருந்தார். அந்தத் திருப்தியைக் கெடுக்க எனக்கு ஒருநாளும் மனம் வரவில்லை, அதற்காக அவரை மன்னிக்கவும் என்னால் முடியவில்லை.

செத்தவீடு முடிந்து இரண்டாம் நாள் சிட்னியில் இருந்து அப்பாவின் அக்கா வந்தார். அவரும் எனக்கு மாமிதான், வெஸ்ட்மீட் மாமி. ஆம்பிளைப் பிள்ளைகள் மூன்று பேர் இருந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கேட்டார், அப்பா கொடுத்தார். அவருக்கு என்னைக் கேட்கத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை, வீட்டில் ஒரு பொம்பிளைப் பிள்ளை வேண்டியிருந்தது. மாமா நோர்வேயில் இருந்து ரெலிபோன் எடுத்தபோது, அக்கா பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார் என்று அப்பா சொன்னார். மாமா, அப்ப நல்லது என்றாராம்.

வெஸ்ட்மீட்டில் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஸ்கூல் போய்வந்து கோப்பைகளைக் கழுவினேன், சட்டைகளுக்கு அயன் போட்டேன், பெரிய ஆளானேன். எனக்கென்று ஒரு அறை இருக்கவில்லை. தையல் மெசின் இருந்த அறையில் மெத்தை விரித்துப் படுத்தேன், காலையில் அதைச் சுருட்டி வைக்கவேண்டும். யாரையும் குறை சொல்ல முடியாத மாதிரி ஒரு வாழ்க்கை. குறை சொல்லக்கூடியதாக இருந்திருந்தால் யாராவது வந்து காப்பாற்றியிருப்பார்கள்.

மாமா நான்கு வருசத்துக்கு முன்னர் செத்துப்போனார். நோர்வே மாமி இப்போது தான் வேலை செய்த அதே வயோதிபர் இல்லத்தில் இருக்கிறார். மகள் அந்தப் போனை நீட்டிய அன்று வீட்டுக்கு வந்து மாமிக்குப் போன் எடுத்தேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், நினைவு நன்றாக இருக்கிறது. அங்கே ஒருவரும் தமிழ் கதைப்பதில்லை என்பதால் தமிழைக் கேட்டால் விடமாட்டார். அம்மாவைப் பற்றி அவராகவே தொடங்கினார்.

"உன்னைக் கேக்க வேணும் எண்டு மாமா ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டவர், பிள்ளை. என்னெண்டு கேக்கிறது? கேட்டா மச்சாளுக்கு விளங்கிப்போயிருமே. சாகப்போற சீவனை அப்படி நோகடிக்கலாமோ?" என்றார்.

என் வீட்டுத் தெருவில் குப்பை லொறி போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மாமி கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்.

"அம்மாவுக்குக் கடைசி மட்டும் தெரியாதுதானே?"

ஐம்பது வயது தாண்டிய பெண் நான். உண்மையைச் சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அந்தப் படகில் அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். மறுமுனையில் அந்த மனுசி மூச்சு விடுவது கேட்டது.

"ஓம் மாமி, அவவுக்குத் தெரியாது" என்றேன்.

"அது காணும்" என்றார் மாமி. அவருடைய குரல் லேசாகிவிட்டது. "நாங்கள் அவவை நல்லாச் சுத்திக் காட்டினனாங்கள், என்ன?"

ஓம் என்றேன்.